தெற்குச் சிலுவை: போன மாதம் நான் எழுதியது தவறு



போன மாதச் சுவர் இதழில் கீழ் ஓரத்தில் கட்டம் கட்டி, 'தெரிந்து கொள்வோம்' என்று நாலு வரி இருந்தது ஞாபகம் இருக்கிறதா? "இரவு பத்து மணிக்குத் தெற்கே பாருங்கள். நாலு நட்சத்திரம் சிலுவை போலத் தெரியும். அதுதான் புகழ்பெற்ற தெற்குச் சிலுவை" என்று எழுதியிருந்தது. எழுதியது நான்தான். அது தவறு. அந்த நாலு நட்சத்திரமும் உண்மை, ஆனால் அது தெற்குச் சிலுவை இல்லை. அதற்குப் பெயரே 'பொய்ச் சிலுவை'.

நோட்டிஸைக் கிழித்துவிட்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி அதைப் பார்த்து நோட்டில் படம் வரைந்து, கலர் அடித்து, "அக்கா, நான் பார்த்துட்டேன்" என்று கொண்டுவந்து காட்டினாள். அவள் நோட்டில் இருப்பது என் தப்பு. அதனால்தான் இந்த மாதம் ஒரு முழுத் தாள் கேட்டு வாங்கி எழுதுகிறேன். எது பொய், எது உண்மை, உண்மையானதை நம்ம ஊரில் இருந்து எப்போது, எப்படிப் பார்ப்பது என்று சொல்லப் போகிறேன்.

தப்பு தெரிந்தது எப்படி?

மாசி சிவராத்திரிக்கு எங்கள் குலதெய்வக் கோயிலுக்குப் போயிருந்தோம். கோயில் ஊரைவிட்டுத் தள்ளி, கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிறது. சிவராத்திரி என்பது அமாவாசைக்கு முந்தின நாள் என்பதால் இரவு முழுவதும் நிலா கிடையாது. பத்தரை மணிக்கு மாமா பிள்ளைகளை எல்லாம் வரிசையாக நிறுத்தி, "அங்க பாருங்க, தெற்குச் சிலுவை" என்று காட்டினேன். எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்புறம் தூங்கிவிட்டேன். இரண்டரை மணி சுமாருக்கு அம்மாச்சி, "ஏட்டி, சிவராத்திரிக்கு முழிக்கணும்னு வந்துட்டு இப்படித் தூங்குறியே" என்று தட்டி எழுப்பினார்கள். கண்ணைக் கசக்கிக்கொண்டு தெற்கே பார்த்தால், நேர் தெற்கே இன்னொரு சிலுவை நிற்கிறது! நான் காட்டியதைவிடச் சின்னது, ஆனால் அதைவிடப் பளிச்சென்று இருந்தது. நட்டுவைத்தது போல நேராக நின்றது. அதற்கு இடது பக்கம் இரண்டு பெரிய நட்சத்திரங்கள் காவல் மாதிரி இருந்தன. நான் காட்டிய பழைய சிலுவை எங்கே என்று தேடினேன். அது வலது பக்கம் சாய்ந்து, மரத்தை ஒட்டிக் கீழே இறங்கி இருந்தது.

ஒரே வானத்தில் இரண்டு சிலுவை. "இதுல எதுட்டி உன் சிலுவை?" என்று அம்மாச்சி கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. மறுநாள் அறிவியல் சாரிடம் நட்சத்திர வரைபடம் வாங்கிப் பார்த்த பிறகுதான் விடை கிடைத்தது. இரண்டரை மணிக்குப் பார்த்ததுதான் உண்மை.

தெற்குச் சிலுவை என்றால் என்ன?

வானத்தை விஞ்ஞானிகள் 88 நட்சத்திரக் கூட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அவற்றில் பரப்பளவில் மிகச் சிறியது தெற்குச் சிலுவை. விஞ்ஞானப் பெயர் 'கிரக்ஸ்'. லத்தீன் மொழியில் சிலுவை என்று பொருள். நம் நாட்டில் இதைத் 'திரிசங்கு' என்றும் சொல்வார்கள். திரிசங்கு என்ற ராஜா உடம்போடு சொர்க்கம் போக ஆசைப்பட்டார். விசுவாமித்திரர் அவரை மேலே அனுப்ப, இந்திரன் கீழே தள்ள, அவர் நடுவில் தலைகீழாக நின்றுவிட்டார் என்பது கதை. இரண்டும் கெட்டான் நிலையைத் 'திரிசங்கு சொர்க்கம்' என்று பெரியவர்கள் சொல்வது இதிலிருந்து வந்ததுதான்.

கிரிக்கெட் பார்க்கிறவர்கள் எல்லாரும் இந்தச் சிலுவையை ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள்! ஆஸ்திரேலியா கொடியின் வலது பாதியில் இருப்பது இதுதான். அதில் ஐந்து நட்சத்திரம். நியூசிலாந்து கொடியிலும் இதுவே, ஆனால் நான்கு நட்சத்திரம் மட்டும். பிரேசில், பப்புவா நியூ கினியா, சமோவா நாட்டுக் கொடிகளிலும் தெற்குச் சிலுவை உண்டு. அடுத்த மேட்சில் கொடியை ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். வானத்தில் தேடும்போது உதவும்.

சிலுவை நேராக நிற்கும்போது அதன் உறுப்பினர்கள்:

1. கால் பக்கம்: அக்ரக்ஸ். ஐந்திலும் பிரகாசமானது.
2. இடது கை: மிமோசா.
3. தலை: கேக்ரக்ஸ். நான்கு பெரியவற்றில் இது மட்டும் லேசான செம்மஞ்சள் நிறம். மற்ற மூன்றும் வெள்ளை.
4. வலது கை: இமாய். நான்கில் மங்கலானது.
5. வலது கைக்கும் காலுக்கும் இடையில் ஒரு குட்டி நட்சத்திரம்: கினான்.

நியூசிலாந்து கொடியில் விட்டுப்போனது இந்தக் கினான்தான்.

நமக்கு எவ்வளவு உயரத்தில் தெரியும்?

இதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். பயப்பட வேண்டாம், கழித்தல் கணக்குத்தான்.

விளாத்திகுளம் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 9 டிகிரியில் இருக்கிறது. பூமத்திய ரேகையை அப்படியே வானத்தில் வரைந்ததாக நினைத்துக் கொள்ளுங்கள். அந்தக் கோட்டுக்குத் தெற்கே 63 டிகிரியில் இருக்கிறது அக்ரக்ஸ். நம் உச்சிக்கும் தெற்கு அடிவானத்துக்கும் இடையில் 90 டிகிரி. எனவே,

90 − 9 − 63 = 18

அதாவது சிலுவையின் கால், அடிவானத்தில் இருந்து 18 டிகிரி உயரத்தில் நிற்கும். தலை சுமார் 24 டிகிரியில் இருக்கும்.

டிகிரியை எப்படி அளப்பது? கையே ஸ்கேல். கையை நேராக நீட்டி முட்டியை மடக்கினால் முட்டியின் அகலம் சுமார் 10 டிகிரி. நடு மூன்று விரல்களைச் சேர்த்தால் 5 டிகிரி. சுண்டு விரல் 1 டிகிரி. உங்களுக்குக் கை சின்னது என்றால் கை நீளமும் குறைவாகத்தான் இருக்கும். அதனால் கணக்கு பெரும்பாலும் சரியாகவே வரும். தெற்கு அடிவானத்தில் ஒரு முட்டி வைத்து, அதற்கு மேல் இன்னொரு முட்டி வைத்தால், இரண்டாவது முட்டியின் மேல் ஓரத்துக்குச் சற்றுக் கீழே சிலுவையின் கால் இருக்கும்.

இதே கணக்கை டெல்லிக்குப் போட்டுப் பாருங்கள். டெல்லி 28.6 டிகிரி. 90 − 28.6 − 63.1 = −1.7. கழித்தல் குறி வந்துவிட்டது! டெல்லியில் அக்ரக்ஸ் உதிப்பதே இல்லை, அடிவானத்துக்குக் கீழேயே இருந்துவிடுகிறது. ஸ்ரீநகரில் சிலுவையின் தலைகூடத் தெரியாது. லண்டனில் பேச்சே இல்லை. நம்ம ஊர் சனங்களுக்கு 'எல்லாம் டெல்லியில்தான் இருக்கு' என்று ஒரு நினைப்பு உண்டு. ஆனால் முழுச் சிலுவையைப் பார்க்க வேண்டும் என்றால் டெல்லிப் பிள்ளைகள் தெற்கே ரயில் ஏறி வரணும். நமக்கு வாசலிலேயே நிற்கிறது.

இன்னொரு விஷயம். நம்ம பக்கம் தெற்கே மலை கிடையாது. பெரிய காடு, பெரிய கட்டடம் கிடையாது. கரிசல் காடு தட்டையாகப் போய்க்கொண்டே இருக்கும். "எங்க ஊர்ல என்ன இருக்கு, பொட்டக்காடு" என்று நாமே சொல்கிறோம் அல்லவா? அந்தப் பொட்டக்காடுதான் தெற்கு வானத்தைப் பார்க்கத் தோதான இடம்.

எந்த மாதம், எத்தனை மணிக்கு?

என் தப்புக்கு முக்கியக் காரணம் இதுதான். இடம் தெரிந்தது, நேரம் தெரியவில்லை. நட்சத்திரங்கள் ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட 4 நிமிடம் முன்னதாக உதிக்கும். ஒரு மாதத்துக்கு 30 × 4 = 120 நிமிடம், அதாவது 2 மணி நேரம். பூமி சூரியனைச் சுற்றி நகர்ந்துகொண்டே இருப்பதுதான் காரணம். நம்ம ஊரில் சிலுவை நேர் தெற்கில் நிமிர்ந்து நிற்கும் நேரம் சுமாராக இப்படி:

தை முதல் தேதி: விடியற்காலை 5 மணி
மாசி முதல் தேதி: இரவு 3 மணி
பங்குனி முதல் தேதி: இரவு 1 மணி
சித்திரை முதல் தேதி: இரவு 11 மணி
வைகாசி முதல் தேதி: இரவு 9 மணி
வைகாசி கடைசி: இரவு ஏழரை மணி

பொங்கல் அன்று விடியற்காலை வாசல் தெளித்துக் கோலம் போட எழுந்திருக்கிறவர்கள் தலையை நிமிர்த்தித் தெற்கே பார்த்தால் சிலுவை நிற்கும். இத்தனை வருஷம் கோலத்தையே பார்த்துவிட்டோம்! தூக்கம் கெடாமல் பார்க்க வைகாசிதான் நல்லது. கோடை லீவு, ஒன்பது மணி, மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுக்கிற நேரம்.

நிமிர்ந்து நிற்கும் நேரத்துக்கு முன்னால் பார்த்தால் சிலுவை இடது பக்கம் சாய்ந்திருக்கும். பின்னால் பார்த்தால் வலது பக்கம் சாய்ந்திருக்கும். ஆடி மாதம் முன்னிரவில் வலப்பக்கம் சாய்ந்து கீழே போகும். ஆவணி கடைசியில் இருந்து ஐப்பசி வரை சூரியன் இருக்கும் திசையில் மாட்டிக்கொள்வதால் பார்க்க முடியாது. கார்த்திகையில் விடியற்காலையில் தென்கிழக்கில் மறுபடி தலை காட்டும்.

பொய்ச் சிலுவையிடம் ஏமாறாமல் இருப்பது எப்படி?

பொய்ச் சிலுவை என்பது தனி நட்சத்திரக் கூட்டம் இல்லை. 'வேலா' கூட்டத்தில் இருந்து இரண்டு, 'கரினா' கூட்டத்தில் இருந்து இரண்டு நட்சத்திரம் சேர்ந்து சிலுவை போலக் காட்டுகின்றன. இது உண்மைச் சிலுவைக்கு மூன்றரை மணி நேரத்துக்கு மேல் முன்னதாகவே தெற்குக்கு வந்துவிடும். மாசி, பங்குனியில் நாம் விழித்திருக்கும் நேரத்தில் இது வந்து நிற்பதால் என்னைப் போன்றவர்கள் ஏமாந்துவிடுகிறோம். வித்தியாசம் இதோ:

1. அளவு: உண்மைச் சிலுவையின் நீளம் 6 டிகிரிதான். மூன்று விரலுக்குக் கொஞ்சம் கூட. பொய்ச் சிலுவை 9 டிகிரி, கிட்டத்தட்ட ஒரு முட்டி.

2. வெளிச்சம்: உண்மைச் சிலுவை பளிச்சென்று இருக்கும். பொய்ச் சிலுவை அதைவிட மங்கல்.

3. ஐந்தாவது நட்சத்திரம்: உண்மையானதில் கினான் உண்டு. பொய்யானதில் அப்படி ஒன்று கிடையாது.

4. சாட்சிகள்: இதுதான் முக்கியம். உண்மைச் சிலுவைக்கு இடது பக்கம் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் இருக்கும். பெயர் ஆல்பா சென்டாரி, பீட்டா சென்டாரி. இரண்டையும் சேர்த்துக் கோடு போட்டு நீட்டினால் கோடு சிலுவைக்குப் போகும். பொய்ச் சிலுவைக்கு இப்படிச் சாட்சி சொல்ல யாரும் இல்லை.

நான் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று எதையும் சரிபார்க்கவில்லை. நாலு புள்ளி சிலுவை மாதிரி இருந்தது, உடனே எழுதிவிட்டேன்.

பார்க்கப் போகும் முன்

1. அமாவாசையை ஒட்டிய ஒரு வாரம் நல்லது. பௌர்ணமி வேண்டாம்.

2. தெற்கு எது என்று பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு நேர் தெற்கே தூத்துக்குடி. அந்த ஊர் வெளிச்சம் இரவில் அடிவானத்தில் மங்கலாகத் தெரியும். அது ஒரு அடையாளம்.

3. வெளிச்சத்தில் இருந்து வந்தவுடன் எதுவும் தெரியாது. கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது வேண்டும். இடையில் ஒரு தடவை செல்போனைப் பார்த்தால் போச்சு, மறுபடி முதலில் இருந்து இருபது நிமிடம்.

4. டார்ச் லைட்டின் கண்ணாடியில் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொள்ளுங்கள். சிவப்பு வெளிச்சம் கண்ணை அதிகம் கெடுக்காது.

5. தனியாகப் போகக் கூடாது. கோடையில் கரிசல் வெடித்துக் கிடக்கும். வெடிப்பில் தேள், பாம்பு இருக்கும். வேலிக்கருவை முள் செருப்பைத் தாண்டி ஏறும். வீட்டில் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள், அல்லது மொட்டை மாடியே போதும். "பொம்பளப் பிள்ளைக்கு ராத்திரி வானத்துல என்ன வேலை?" என்று யாராவது கேட்டால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். எங்கள் அம்மாச்சி அப்படித்தான் கூட வர ஆரம்பித்தார்கள்.

6. கரிமூட்டம் போட்டிருந்தால் அந்தப் புகை அடிவானத்தை மறைக்கும். காற்றடிக்கும் பக்கம் பார்த்து இடம் மாறிக்கொள்ளுங்கள்.

வானத்திலும் ஒரு கரிமூடை!

கரிமூட்டம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நல்ல இருட்டில் பார்த்தால் சிலுவையின் வழியாகப் பால் வீதி மங்கலான வெள்ளைப் புகை மாதிரி ஓடும். அதில் சிலுவையின் காலுக்கு இடது பக்கம் மட்டும் கறுப்பாக ஒரு திட்டு இருக்கும். அங்கே நட்சத்திரமே இல்லாதது போல இருக்கும். வெளிநாட்டு விஞ்ஞானிகள் அதற்கு வைத்த பெயருக்குத் தமிழில் அர்த்தம் 'கரிமூடை'! உண்மையில் அது வாயுவும் தூசியும் சேர்ந்த பெரிய மேகம். சுமார் 600 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. பின்னால் நட்சத்திரங்கள் இருக்கின்றன, இந்த மேகம் அவற்றை மறைக்கிறது. லாரி லாரியாகக் கரிமூடை ஏற்றுகிற ஊர்க்காரர்கள் நாம், வானத்துக் கரிமூடையை மட்டும் இதுவரை பார்க்கவில்லை.

சிலுவை உண்மையில் சிலுவையா?

ஒளி ஒரு விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகும். அது ஒரு வருஷம் போகிற தூரம் ஓர் ஒளியாண்டு, சுமார் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். சிலுவையின் தலையான கேக்ரக்ஸ் சுமார் 88 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. காலான அக்ரக்ஸ் சுமார் 320 ஒளியாண்டு. பக்கத்தில் பக்கத்தில் இருப்பது போலத் தெரிகிறதே தவிர, ஒன்றுக்குப் பின்னால் ஒன்று வெகு தூரத்தில் இருக்கின்றன. நாம் இன்று பார்க்கும் கேக்ரக்ஸ் வெளிச்சம் புறப்பட்டபோது எங்கள் அம்மாச்சி பிறக்கவே இல்லை. அக்ரக்ஸ் வெளிச்சம் புறப்பட்டபோது கட்டபொம்மனும் பிறக்கவில்லை!

சாட்சி நட்சத்திரம் ஆல்பா சென்டாரி மட்டும் மிகப் பக்கம், 4.4 ஒளியாண்டுதான். சூரியனை விட்டால் நமக்கு மிக நெருங்கிய நட்சத்திரக் குடும்பம் அதுவே. இதில் தமிழ்நாட்டுப் பக்கத்துச் சம்பவம் ஒன்று இருக்கிறது. 1689-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் புதுச்சேரியில் ழான் ரிஷோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் தொலைநோக்கியில் ஒரு வால்நட்சத்திரத்தைப் பார்த்துக் கொண்டிருந்தார். அப்போது ஆல்பா சென்டாரி கண்ணில் பட்டது. வெறும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது, உண்மையில் இரண்டு நட்சத்திரங்கள் என்று கண்டுபிடித்தார். அவை ஒன்றையொன்று சுமார் 80 வருஷத்துக்கு ஒரு தடவை சுற்றி வருகின்றன. பின்னர் 1915-இல் தென் ஆப்பிரிக்காவில் ராபர்ட் இன்னஸ் என்பவர் மூன்றாவது ஒன்றையும் கண்டுபிடித்தார். அதன் பெயர் பிராக்சிமா. தூரம் 4.24 ஒளியாண்டு.

புதுச்சேரியில் இருந்து அது முடிந்ததற்குக் காரணம் நம் இடம்தான். பாரிஸில் அந்த நட்சத்திரம் தெரியவே தெரியாது. திருப்பத்தூர் மாவட்டம் காவலூரில் பெரிய தொலைநோக்கி நிலையம் வைத்ததற்கும் இது ஒரு காரணம். பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் வடக்கு வானம், தெற்கு வானம் இரண்டையும் அங்கிருந்து பார்க்க முடிகிறது.

சிலுவையால் என்ன பயன்?

வடக்குக்குத் துருவ நட்சத்திரம் இருக்கிறது. அது நம்ம ஊரில் வடக்கே 9 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய ஒரு முட்டி உயரத்தில் தெரியும். தெற்குத் துருவத்தில் அப்படிப் பளிச்சென்ற நட்சத்திரம் எதுவும் இல்லை. அதனால் கப்பல்காரர்கள் சிலுவையைப் பிடித்துக்கொண்டார்கள். தலையில் இருந்து காலுக்குக் கோடு போட்டு, அதே நீளத்தில் நாலரை மடங்கு கீழே நீட்டினால் தெற்குத் துருவப் புள்ளி.

சரிபார்ப்போமா? சிலுவையின் நீளம் 6. நாலரை மடங்கு என்றால் 27 டிகிரி. நம்ம ஊரில் சிலுவையின் கால் 18 டிகிரி உயரத்தில் இருக்கிறது. 18-இல் 27 போனால் −9. தெற்குத் துருவப் புள்ளி நமக்கு 9 டிகிரி தரைக்குக் கீழே! வடக்கே 9 மேலே, தெற்கே 9 கீழே, நம்ம ஊர் 9 டிகிரி. இந்தக் கணக்கு வந்தபோது எனக்குச் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. திசைகாட்டி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சிலுவை நேராக நிற்கும்போது அதன் காலுக்கு நேர் கீழே இருப்பது தெற்கு.

எத்தியோப்பியாவில் ஓமோ ஆற்றங்கரையில் முர்சி என்ற மக்கள் இருக்கிறார்கள். வலது கை நட்சத்திரத்துக்கு இமாய் என்பது அவர்கள் வைத்த பெயர். ஆகஸ்ட் கடைசியில் அது மாலை வானத்தில் இருந்து மறையும்போது, ஓமோ ஆற்றில் வெள்ளம் வந்து கரையில் உள்ள 'இமாய்' என்னும் புல்லைச் சாய்க்கும் காலம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். 2018-இல் உலக வானியல் சங்கம் அந்தப் பெயரையே ஏற்றுக்கொண்டது. குட்டி நட்சத்திரம் கினான் என்பது ஆஸ்திரேலியப் பழங்குடிகள் வைத்த பெயர், 2017-இல் ஏற்கப்பட்டது. மழையை நம்பி வானத்தைப் பார்க்கிற சனங்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

இன்னும் ஒரு வியப்பு. பூமியின் அச்சு ஓய்கிற பம்பரம் மாதிரி மெதுவாகத் தலையாட்டுகிறது. ஒரு ஆட்டத்துக்குச் சுமார் 26,000 வருஷம். அதனால் நட்சத்திரங்களின் உயரம் மெதுவாக மாறும். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன், சங்க காலத்தில், இதே இடத்தில் நின்றவர்களுக்குச் சிலுவை இப்போது இருப்பதைவிட ஒரு முட்டி உயரம் மேலே தெரிந்தது. அப்போது எகிப்தில் இருந்துகூடப் பார்க்க முடிந்தது. இப்போது நமக்கு இரண்டு முட்டி உயரம் மிச்சம் இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள்

அச்சு ஆடுவதால் சிலுவை மறைய ஆயிரக்கணக்கான வருஷம் ஆகும். ஆனால் விளக்கு வெளிச்சத்தால் சீக்கிரமே மறைந்துவிடும் போல இருக்கிறது. சிலுவை உயரம் குறைவான இடத்தில் நிற்பதால் வெளிச்சம் முதலில் அதைத்தான் மறைக்கும். எங்கள் தெருவில் இருந்து பார்த்தால் கினான் இப்போதே தெரியவில்லை. காட்டுக்குப் போனால்தான் தெரிகிறது. தெருவுக்கு விளக்கு வேண்டும், அதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. விளக்குக்கு மேலே ஒரு மூடி போட்டால் வெளிச்சம் தரைக்குத்தான் வரும், வானத்துக்குப் போகாது. நமக்கும் நன்றாக வழி தெரியும். இதை நம் வீட்டு வாசல் விளக்கில் இருந்தே ஆரம்பிக்கலாம்.

தோழிகளே, தம்பி தங்கைகளே! பரீட்சை முடிந்து லீவு விட்டதும் வைகாசி மாதம் அமாவாசை ஒட்டி ஒன்பது மணிக்குத் தெற்கே பாருங்கள். முட்டியால் அளங்கள். இரண்டு சாட்சிகளைத் தேடுங்கள். ஐந்தாவது நட்சத்திரம் தெரிகிறதா என்று எழுதி வையுங்கள். எந்தத் தெருவில் தெரிந்தது, எதில் தெரியவில்லை என்று பள்ளி திறந்ததும் எல்லாருடையதையும் சேர்த்து இதே பலகையில் ஒரு வரைபடம் போடலாம்.

நான் இப்போது எழுதியதையும் அப்படியே நம்ப வேண்டாம். போய்ப் பார்த்துவிட்டு, தப்பு இருந்தால் இந்தத் தாளிலேயே ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். இடம் விட்டிருக்கிறேன்.

ஆறாம் வகுப்புத் தங்கைக்கு: உன் நோட்டில் இருக்கும் படத்தை அழிக்காதே. மேலே 'பொய்ச் சிலுவை' என்று எழுதிக்கொள். நீ பார்த்ததும் வரைந்ததும் சரிதான். பெயரைத் தப்பாகச் சொன்னது இந்த அக்காதான்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி